வழக்கறிஞர் என். சிவராஜ்: நியமன நாற்காலியிலிருந்து இரட்டைத் தொகுதி வரை

(காஞ்சிபுரத்தில் நடந்த சிவராஜ் நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் 1957 என்று சொன்னால் எல்லோரும் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். அறிஞர் அண்ணா முதன்முதலாகக் காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போன வருஷம் அது. சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அதே 1957இல், அதே தேர்தலில், நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஒரு சேரி மனிதர் டெல்லி நாடாளுமன்றத்துக்குப் போனார். அகில இந்திய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷனின் தலைவர். பாபாசாகேப் அம்பேத்கர் தன் கட்சியின் தலைமை நாற்காலியில் யாரை உட்கார வைத்தாரோ அந்த மனிதர். சட்டக் கல்லூரியில் சாதி இந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பட்டுக்கடைத் தெருவில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், என். சிவராஜ் யார் என்று. நான் கேட்டேன். இரண்டு பேர் நடிகரா என்று திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், ‘அன்னை மீனாம்பாள் வீட்டுக்காரர்தானே’ என்றார். அந்த அம்மாவின் பெயராவது நிலைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இங்கே நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் செய்கிறவன். அதனால் இன்று சிவராஜைப் புகழ்ந்து கவிதை வாசிக்கப் போவதில்லை. சட்டம் படித்த ஒரு தலித், சட்டம் செய்கிற சபைக்குள் போனால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைத்தான் அவர் வாழ்க்கையை வைத்துப் பேச விரும்புகிறேன். இது நமக்கு இன்றைக்கும் தேவைப்படுகிற விஷயம்.

சிவராஜ் பிறந்தது 1892 செப்டம்பர் 29, கடப்பாவில். இந்தத் தேதியைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். அதற்கு மறுநாள், 1892 செப்டம்பர் 30, சென்னை மாகாண அரசின் வருவாய்த்துறை ஓர் ஆணை போட்டது. பஞ்சமி நில ஆணை என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஆணைக்குக் காரணம் நம்ம மாவட்டம். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்கீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாருடையது, கூலி கேட்டால் குடிசையைப் பிடுங்குவேன் என்பான், ஆகையால் இவர்களுக்கு என்று நிலம் வேண்டும் என்று எழுதினார். வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு நிலவரி வேண்டும், கூலியாள் கப்பலேறி ஓடாமல் இருக்க வேண்டும், அது அவன் கணக்கு. ஆனாலும் நிலம் வந்தது. முதல் பத்து ஆண்டுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டும்தான் விற்கலாம், மீறினால் கிரயம் செல்லாது, அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனையோடு வந்தது. ஆக, நிலத்துக்கான சட்டமும் நமக்கான சட்டக்காரரும் ஒரு நாள் இடைவெளியில் பிறந்தார்கள். தற்செயல்தான். ஆனால் சிவராஜின் அரசியலில் இந்த நிலம் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் சொன்னேன்.

சென்னையில் படித்து, பி.ஏ., பி.எல். முடித்து, வழக்கறிஞரானார். பிறகு சென்னை சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியர். அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். கிராமத்துப் பொதுக் கிணற்றில் நம் ஆள் குடம் இறக்க முடியாது. அக்கிரகாரத் தெருவில் நடக்க முடியாது. அதே நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து வந்த பையன்கள் இவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். சொத்து என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று இவர் சொல்ல அவர்கள் எழுதுகிறார்கள். அந்த மாணவர்கள் எத்தனை பேர் பின்னால் ஜட்ஜ் ஆனார்களோ, எத்தனை பேர் ஊருக்குப் போய்க் குளித்தார்களோ!

பிறகு சென்னை சட்டசபைக்குப் போகிறார். அப்போது அதற்குப் பெயர் மாகாண சட்ட மேலவை, லெஜிஸ்லேடிவ் கவுன்சில். இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தேர்தலில் நின்று போகவில்லை. நியமனம். 1919 சட்டப்படி 1920இல் அமைந்த அந்தச் சபையில் 127 இடம். அதில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் 98 பேர். பறையர், பள்ளர், சக்கிலியர், மாலா, மாதிகா, செருமர், ஹொலெயர் என்று மாகாணம் முழுக்கப் பரந்திருந்த மக்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கவர்னர் நியமித்த இடம் ஐந்து. பிறகு அதைக் கூட்டினார்கள். ஏன் தேர்தல் இல்லை? வரி கட்டுகிறவனுக்கு, சொத்து இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. நமக்குச் சொத்து ஏது? ஓட்டில்லாத மக்களுக்குத் தேர்தலில் பிரதிநிதி எங்கிருந்து வருவார்? அதனால் கவர்னர் கைகாட்டினார், இவர்கள் உட்கார்ந்தார்கள்.

‘நியமன உறுப்பினர்தானே, வெள்ளைக்காரன் தயவுதானே, ராவ் பகதூர் பட்டம்தானே’ என்று சில தோழர்கள் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். காங்கிரஸ்காரர்கள் அன்றைக்கே அப்படித்தான் பேசினார்கள். சரி, அந்த நியமன நாற்காலிகளிலிருந்து என்ன நடந்தது என்று பார்ப்போம். 1922இல் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்து பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று போட வைத்தார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் (நம்ம மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர்) பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லா சாதிக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 25.9.1924இல் அரசாணை வந்தது. இந்த வரிசையில், இவர்களுக்கு அடுத்த தலைமுறையாகச் சேர்ந்தவர்தான் சிவராஜ். மற்றவர்கள் அனுபவத்திலிருந்து பேசினார்கள். இவர் அனுபவத்தோடு சட்டப் புத்தகத்தையும் கையில் வைத்திருந்தார்.

ஆனால் நியமனத்துக்கு ஓர் எல்லை உண்டு. கவர்னர் கொடுத்ததைக் கவர்னர் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் நிற்கிற மக்களின் பலம் அந்த நாற்காலியில் தெரியாது. ஆணை வந்துவிட்டது, கிணறு பொது என்று காகிதம் சொல்லிவிட்டது, கிணற்றடியில் குடத்தை உடைத்தான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஊர்த் தலைவர் அவன் ஆள். தாசில்தார் அவன் உறவு. சட்டம் எழுதப்படுகிற இடம் ஒன்று, அது சாகிற இடம் வேறு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளின் உழைப்பை அடமானம் வைக்கக் கூடாது என்று 1933லேயே மத்திய சட்டசபை சட்டம் போட்டது. அடமானம் வைத்த தாய் தகப்பனுக்கு 50 ரூபாய் வரை அபராதம், வாங்கிக்கொண்ட முதலாளிக்கு 200 ரூபாய் வரை. அந்தச் சட்டம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் என் அப்பா, ஏழு வயதில், முன்பணத்துக்குப் பதிலாகத் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்த்தப்பட்டார். கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கம் நாடா தள்ளுகிற பையன் வேலை. உடல் நெய்கிறவர் ஒருவர், கரைக்கு ஒரு சின்னப் பையன். கல்யாண வீட்டில் அந்தக் கரையைத் தடவித்தான் ‘அசல் காஞ்சிபுரம்’ என்பார்கள். அந்த முன்பணம் என் தாத்தா செத்த பிறகும் தீரவில்லை. எந்த முதலாளிக்கும் 200 ரூபாய் அபராதம் விழுந்ததாக எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சட்டம் இருந்தது ஐயா, புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

1932க்கு வருவோம். பூனா ஒப்பந்தம். வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது, காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார், பாபாசாகேப் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. இடங்கள் கூடின, உண்மை. 71 இடம் 148 ஆனது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 18 இடம் 30 ஆனது. ஆனால் யார் தேர்ந்தெடுப்பது? முதலில் தாழ்த்தப்பட்டவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு அந்த நான்கு பேரில் ஒருவரை எல்லா சாதியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். நம் மக்கள் முதலாவதாகக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டு, நான்காவதாக வந்தவரை ஊர்க்காரன் ஜெயிக்க வைக்கலாம். அப்படித்தான் வைத்தான். 1946 மாகாணத் தேர்தலில் பெடரேஷன் இந்தியா முழுவதும் சேர்த்து ஜெயித்தது இரண்டே இரண்டு இடம். வங்காளத்தில் ஒன்று, மத்திய மாகாணத்தில் ஒன்று. அரசியல் சட்டம் எழுதப் போன அம்பேத்கரே தன் சொந்த பம்பாயிலிருந்து போக முடியவில்லை, வங்காளத்தின் கதவு வழியாகத்தான் போனார்.

இந்தப் பின்னணியில்தான் சிவராஜின் பெரிய காலம் வருகிறது. 1937இலிருந்து டெல்லி மத்திய சட்டசபையில் உறுப்பினர். 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் பிறந்தபோது அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சிவராஜ். பெண்களுக்கும் அங்கே தனி மாநாடு நடந்தது. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. இன்னொன்றை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. தனிக் கிராமம் வேண்டும் என்று கேட்டார்கள். ஊரின் காலடியில் சேரி என்ற அமைப்பே வேண்டாம், அரசுப் புறம்போக்கில் எங்களைத் தனியாகக் குடியேற்று, நிலத்தைக் கொடு, நாங்கள் பிழைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். 1944 செப்டம்பர் 23 அன்று பெடரேஷனின் செயற்குழு சென்னையில் கூடி, சிவராஜ் தலைமையில், வரப்போகும் அரசியல் சட்டத்தில் நமக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானங்களாக எழுதியது. பாபாசாகேப் அந்தத் தீர்மானங்களைத் தன் புத்தகத்தின் பின்னிணைப்பில் சேர்த்தார். 1945இல் வைஸ்ராய் வேவல் சிம்லாவில் கூட்டிய மாநாட்டில் காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களோடு ஒரே மேசையில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் உட்கார்ந்தவர் சிவராஜ். அதே 1945இல் சென்னை மாநகர மேயர்.

மேயர் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். ‘முதல் தலித் மேயர் சிவராஜ்’ என்று நம் மேடைகளில் சொல்கிறார்கள், சுவரொட்டியில்கூடப் பார்த்தேன். இல்லை. 1937இலேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயராக இருந்தார். அவர் காங்கிரஸ்காரர், பின்னால் சட்டமன்ற சபாநாயகர் ஆனவர். எதிர்முகாம் என்பதற்காக அவர் பெயரை நாம் அழித்தால், நம் பெயரை அழித்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பெண் தோழர்கள் கோபிக்க வேண்டாம், அன்னை மீனாம்பாளைப் பற்றி இன்று நான் அதிகம் பேச நேரமில்லை. ரங்கூனில் பிறந்தவர், சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்த வாசுதேவப் பிள்ளையின் மகள். சிவராஜ் சபைக்குள் பேசினார் என்றால், வெளியே கூட்டத்தைக் கூட்டியவர் அந்த அம்மா. அவருக்குத் தனியாகவே ஒரு நாள் கூட வேண்டும்.

இப்போது 1957. இதைத்தான் விவரமாகச் சொல்ல நினைத்தேன். செங்கல்பட்டு அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி. ஒருவர் பொது, ஒருவர் தாழ்த்தப்பட்டவர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. இன்றைய மாதிரி சீட்டில் முத்திரை குத்துவது, பொத்தானை அழுத்துவது எல்லாம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும்.

என் பாட்டி அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவள். “ரெண்டு சீட்டு குடுத்தாண்டா. ஒன்ன நம்ம ஆளு பொட்டில போட்டேன். இன்னொன்ன எதுக்கு ஊர்க்காரனுக்குப் போடணும்னு மடியில கட்டினு வந்துட்டேன்” என்பாள். சீட்டை வெளியே கொண்டுவருவது சட்டப்படி குற்றம் ஆயா என்று வக்கீலான பிறகு சொன்னேன். “போடா, அவன் எனுக்கு ஒரு நாளாச்சும் ஓட்டு போட்டானா?” என்றாள். இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டக் கல்லூரியிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அந்தத் தேர்தலில் டாக்டர் ஏ. கிருஷ்ணசாமியும் என். சிவராஜும் ஜெயித்தார்கள். சிவராஜுக்கு அப்போது வயது 64. வாழ்நாள் முழுக்க நியமன நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று பேசியவர்களுக்கு நம் மாவட்டம் சொன்ன பதில் அது. அண்ணல் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருஷமே அக்டோபர் 3 அன்று நாக்பூரில் இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கியது. அதன் முதல் தலைவரும் நம் செங்கல்பட்டு எம்.பி.தான்.

இரட்டைத் தொகுதியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மீதி இருக்கிற இடம் பொது இடம், அதற்கு மிச்சமுள்ள எல்லா வேட்பாளர்களிலும் யார் அதிகமோ அவர். அந்த ‘எல்லா’வில் நாமும் உண்டு, பழங்குடியும் உண்டு. அதே 1957இல் ஆந்திராவில் பார்வதிபுரம் தொகுதியில் இது நடந்தேவிட்டது. இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். தோற்றவர் சாதாரண ஆள் இல்லை, மத்திய மந்திரியாக இருந்த வி.வி. கிரி. பின்னால் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். ‘பழங்குடி என்று சொல்லி மனுப் போட்டவர் பொது இடத்தில் எப்படி உட்காரலாம்’ என்று வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1959இல் தீர்ப்பு வந்தது. உட்காரலாம், ஒதுக்கீட்டுக்கு உரியவர் என்பதால் பொது உரிமை போய்விடாது என்று சொன்னது. கிரி தோற்றார்.

பிறகு என்ன ஆயிற்று? 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தொகுதி ரொம்பப் பெரிசு, செலவு அதிகம், வேட்பாளர் சுற்றிவர முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பொது இடத்தில் நம் ஆள் உட்கார்ந்துவிடுவான் என்ற பயத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. அதன்பின் தனித்தொகுதி தனி, பொதுத்தொகுதி தனி. 1962க்குப் பிறகு சிவராஜ் நாடாளுமன்றத்தில் இல்லை.

காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி 2009இலிருந்து தனித்தொகுதி. எந்தக் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதைச் சேரி முடிவு செய்கிறதா, மாவட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணை முடிவு செய்கிறதா என்று உங்களுக்கே தெரியும். பூனா ஒப்பந்தத்தில் நான்கு பேரையாவது நாம் தேர்ந்தெடுத்தோம். இப்போது அந்த முதல் சுற்றும் நம் கையில் இல்லை. எந்தத் தனிமனிதரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதரே போனாலும் கொறடா சொன்ன பக்கம்தான் கை தூக்க வேண்டும். சிவராஜ் நியமனத்தில் இருந்தபோது கவர்னருக்குக் கடமைப்பட்டவர் என்றார்கள். இன்றைய உறுப்பினர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

கடைசியாக நிலத்துக்கு வருகிறேன். சிவராஜ் இறந்தது 1964 செப்டம்பர் 29, தன் பிறந்த நாளன்றே. அடுத்த டிசம்பர் 6, அண்ணல் நினைவு நாளில், அவருடைய குடியரசுக் கட்சி நாடு முழுவதும் நில சத்தியாக்கிரகம் தொடங்கியது. தரிசு நிலத்தை நிலமற்றவனுக்குக் கொடு என்று லட்சக்கணக்கானவர் சிறைக்குப் போனார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. அதற்கும் முப்பது ஆண்டு கழித்து, அவர் ஜெயித்த இதே செங்கல்பட்டில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய மக்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் விட்டார்கள். 1892 ஆணையில் எழுதியிருப்பதை நிறைவேற்று என்று கேட்டதற்கு 1994இல் குண்டு.

பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அந்தப் பெரிய கணக்கைச் சண்டை போட்டு யாராவது தீர்க்கட்டும். நான் ஒரு கிராமத்து ஏழு ஏக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தாலுகா அலுவலகத்தில் போய் பழைய பதிவேட்டைக் கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்றார்கள். மனு எழுதிக் கேட்டேன், தேடுகிறோம் என்றார்கள். மேல்முறையீடு போட்டேன், பதிவேடு வந்தது. கரையான் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. அதில் தெளிவாக டி.சி. நிலம் என்று இருக்கிறது. எண்பதுகளில் யூ.டி.ஆர். வந்தபோது எழுதிய புதுப் பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்தும் காணோம், வேறு சாதிக்காரர் பெயரில் பட்டா. இரண்டு எழுத்தைக் காணாமல் போக்குவதற்கு ஒரு பேனா போதும். அதைத் திரும்ப எழுத வைக்க நான்கு வருஷமாக அலைகிறேன்.

சிவராஜ் இந்த வேலையைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். சபையில் பேசி முடித்து வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒருவன் கொண்டுவந்த கிழிந்த பத்திரத்தை வாங்கிப் படித்திருப்பார்.

இங்கே வந்திருக்கிறவர்களில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்து நிலத் தாள் இருந்தால், நிபந்தனைப் பட்டா, தீர்வை ரசீது, ரயத்துவாரிச் சிட்டா எதுவாக இருந்தாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், என் கையிலும்தான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். சர்வே எண் தெரிந்தால் பின்பக்கம் எழுதி வையுங்கள். திங்கள், புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கோர்ட்டு வாசல் டீக்கடைப் பக்கம் இருப்பேன்.